ஒன்பதாம் வீட்டுக்கு முப்பது நாள்

மார்ச் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பது மணிக்கு, பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தின் பொதுச் சலவை அறை, தனக்குப் பூட்டக் கற்றுக்கொடுத்த பெண்மணிக்கே கதவைத் திறக்க மறுத்தது.

அவர் ஒன்பதாம் வீட்டுக்காரர். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கணினி நிரல் எழுதுபவர். சலவை அறைக்கு முறைவைத்து நேரம் ஒதுக்கும் நிரலும், அதன் விதிகளும் அவர் கைவண்ணமே. நேரம் பதிவு செய்தவர் பத்து நிமிடத்துக்குள் வந்து தம் அட்டையைக் கதவில் காட்ட வேண்டும். தவறினால் முறை போய்விடும். மூன்று முறை தவறினால் அந்த வீட்டுக்கு முப்பது நாள் கதவு திறக்காது. இதனால் கட்டடத்தார் அவருக்குப் ‘பத்து நிமிஷம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தம் காதில் விழாததுபோல அவர் நடந்துகொண்டார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மாடிப்படியில் யார் அகப்பட்டாலும் தம் கருத்தைச் சொல்லாமல் விடமாட்டார். சாவி மனிதர் கையில் இருந்தால் ஆளுக்கொரு நியாயம் பிறக்கும். நிரலிடம் இருந்தால் எல்லாருக்கும் ஒரே நியாயம் என்பார்.

இப்போது கதவோரச் சிறுதிரை சிவந்திருந்தது: “வீட்டு எண் ஒன்பது. மூன்று முறை வரவில்லை. முப்பது நாள்களுக்கு அனுமதி இல்லை.”

வாசகம் தெளிவாக இருந்தது. நிறுத்தற்குறிகள்கூடப் பிசகவில்லை. எழுதியவரை ஒரு கணம் மெச்சினார். எழுதியது தாம்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நிரலைச் சோதித்துப் பார்ப்பதற்காக, மூன்று வாரங்களுக்கு முன் தம் வீட்டு எண்ணிலேயே மூன்று பொய்ப் பதிவுகளைப் போட்டிருந்தார். மூன்றாவது, இன்று பதினொரு மணிக்கு, இரண்டாம் இயந்திரத்துக்கு. சோதனை முடிந்த கையோடு பதிவுகளை அழிக்காதவன் நிரலாளனே அல்லன் என்று இளையவர்களைக் காய்ச்சி எடுத்த அவரே அழிக்கவில்லை. பதினொன்று பத்துக்கு நிரல் தன் கடமையைச் செய்துவிட்டது.

உள்ளே, முதலாம் இயந்திரத்தில், தங்கையின் இரண்டு சீருடைகளும் துவைந்து உலர்ந்து கிடந்தன. தங்கை செவிலியர், அன்று இரண்டு மணிக்குத் தலைமைச் செவிலியராகப் பொறுப்பேற்க வேண்டியவள். ஒரு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். புதுத்துணியை அலசாமல் போடக் கூடாது என்று அடம்பிடித்து, பத்தரை மணிக்கு அவற்றை இயந்திரத்தில் போட்டவரும் அக்காதான்.

“நீ எழுதினதுதானேக்கா? ஒரு தட்டுத் தட்டித் திறந்துவிடேன்.”

“மாத்தலாம்டி. ஆனா எந்த மாத்தமும் ராத்திரி பன்னெண்டுக்கு அப்புறம்தான் செல்லும்.”

“அப்படின்னு எவ எழுதினா?”

அக்கா, அடுத்த முறை யாருடையது என்று பட்டியலில் தேடினார்.

“நான் என்ன, நைட்டியோட போய்ப் பொறுப்பேத்துக்கவா?”

அடுத்த முறை பன்னிரண்டு மணிக்கு, நான்காம் மாடித் தையற்காரருடையது. பன்னிரண்டு அடித்தது; ஆள் வரவில்லை. அவர் முறையும் போய்விட்டால் ஒன்றரை மணி வரை யாராலும் கதவைத் திறக்க முடியாது. பன்னிரண்டு நான்குக்கு அக்கா மாடிப்படியில் ஓடினார்.

தையற்காரர் நிதானமாக நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம். இன்னும் நாலு நிமிஷம் இருக்கே.”

“சார், தயவுசெஞ்சு கொஞ்சம் வாங்களேன். எங்க வீட்டுக்கு அறை பூட்டிடுச்சு. தங்கச்சி சீருடை உள்ள மாட்டிக்கிச்சு.”

“உங்க வீட்டுக்கா?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். “போன வாரம் ஒரு நிமிஷம் பிந்தி வந்தேன். ‘பதினோரு நிமிஷம் பத்து நிமிஷமாகாது சார்’னீங்க. ஊறவச்ச துணியைத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறினேன். முட்டி இன்னும் உங்க பேரைத்தான் சொல்லுது.”

“நான் செஞ்சது தப்புதான்.”

“எங்க, இன்னொரு தடவை? காது கொஞ்சம் மந்தம்.”

“தப்புதான் சார்!”

பன்னிரண்டு ஒன்பதுக்குத் தையற்காரர் தம் அட்டையைக் காட்ட, விளக்கு பச்சையானது. அவசரமாக நுழையப் போன அக்காவைக் கைநீட்டித் தடுத்தார்.

“ஆறாம் விதி என்ன சொல்லுது மேடம்?”

“தமக்குரிய நேரத்தில் பிற வீட்டாரை அறைக்குள் அனுமதிக்கக் கூடாது,” என்று பிழையின்றி ஒப்பித்தார்.

“துணியை எடுத்து வெளிய கொடுக்கக் கூடாதுன்னு இருக்கா?”

இல்லை. இத்தனை ஆண்டு அனுபவத்தில் அந்த ஓட்டை அவர் கண்ணில் படவே இல்லை. தாம் அரைகுறையாக எழுதியதற்காக அவர் முதன்முதலாக மகிழ்ந்தார்.

“நில்லுங்க, காலர்ல ஒரு தையல் விட்டிருக்கு,” என்று தையற்காரர் சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்தார். தங்கை ஒன்று மூன்றுக்குக் கிளம்பினாள்.

மார்ச் இருபதாம் தேதி நடந்த வீட்டுக்காரர் கூட்டத்தில் முடிவானவை இவை. பத்து நிமிடம் இனி அரை மணி நேரம். ஒரு மாற்றுச் சாவி காவலாளியிடம் இருக்கும். ஆறாம் விதி நீக்கப்பட்டது. ஒன்பதாம் வீட்டின் தடையை எடுத்துவிடலாம் என்றார் தலைவர். விதி விதிதான் என்று எழுந்தவர் ‘பத்து நிமிஷம்’ ஒருவரே. தங்கை முழங்கையைப் பிடித்து இழுத்தும் அவர் உட்காரவில்லை. கூட்டம் அவர் சொல்லைத் தட்டாமல் ஏற்றது. எனவே, ஏப்ரல் பதின்மூன்று வரை, இரு சகோதரிகளின் துணியும் ஞாயிற்றுக்கிழமைகளில் தையற்காரரின் முறையில் துவைக்கப்படும்.