அரை நூல் ஆட்டம்

மாடியில் இருந்த காற்றாலையின் தண்டு பேரிங்குக்குள் ஒரு நூல் பின்வாங்கினால், கீழே அறையில் இருந்த ஏழு வயதுப் பெண் ஒரு சாண் தெருப்பக்கம் நகர்ந்தாள். பட்டறைக்காரர்களுக்கு எட்டு நூல் ஓர் அங்குலம். பெண் நடந்து போகவில்லை. நாற்காலியோடு, கையில் பென்சிலோடு, உட்கார்ந்தபடியே போனாள். அவள் அம்மா தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, மாடியேறித் தண்டையும் அளந்து, மூன்று வாரம் ஒத்துப் பார்த்தாள். ஒருநாளும் தப்பவில்லை.

காற்றாலையைக் கட்டியவன் அவள் கணவன், மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுபவன். இறக்கைக்குப் போட்ட பழைய மோட்டாரின் தண்டு பேரிங்கில் லொடலொடத்ததால், பவுடர் டப்பாவை வெட்டி, தகட்டைச் சுற்றி, சுத்தியலால் அடித்து இறக்கினான். "கிண்ணுன்னு பிடிச்சிருக்கு. இனி எங்க போயிடும்?" என்றான். அது தினமும் போனது. முன்னால் தள்ளினால் தகடு விடவில்லை. பின்னால் போக மட்டும் விட்டது. பசை ஊற்றினான், பக்கவாட்டில் திருகாணி வைத்தான். எதுவும் நாலு நாளுக்குமேல் தாங்கவில்லை. வெயில் காலம் முடிவதற்குள் பெண் வாசற்படியைத் தாண்டிவிட்டாள். அங்கிருந்து லாரி ஓடும் சாலைக்கு ஒன்பது சாண். தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தால், அம்மா தலை திருப்புவதற்குள் விட்ட இடத்தில் இருந்தாள். கட்டிலோடு கட்டினால் கட்டிலும் வந்தது.

"பயமா இருக்கும்மா, பிடிச்சுக்கோ."

"பிடிச்சுட்டுத்தான்டி இருக்கேன்." பிடித்தவளும் சேர்ந்தே நகர்ந்தாள்.

இரண்டு சாண் மீதியிருந்த காலையில் கணவன் தண்டையும் பேரிங்கையும் சேர்த்து வெல்டு வைத்தான். சூட்டில் பேரிங்குக்குள் உருளும் குண்டுகள் இறுகி இறக்கை நின்றது. கீழே பெண்ணும் நின்றுபோனாள், கரண்டி வாய்க்குப் பாதி வழியில், இமை பாதி மூடியபடி. மூக்கடியில் விரல் வைத்தால் மூச்சில்லை. உடம்பு மட்டும் கொதித்தது. கணவன் வெல்டை அறுத்துத் தண்டை உருவினான். அம்மா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு லேத் பட்டறைக்கு ஓடினாள். லேத் ஓட்டுபவர் கணவனின் அண்ணன். தம்பியோடு பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

"சுத்தியலால அடிச்சானா? அடிச்சு இறக்க இது என்ன ஆணியா?"

"மாமா, பொண்ணு மூச்சு விடல."

அவர், "காத்து சுத்த மட்டுமா செய்யும், தள்ளவும் செய்யுமே. அதுக்கு எங்க தடை வச்சான் அந்த மேதாவி?" என்று முனகிக்கொண்டே, தடித்த கம்பி ஒன்றை எடுத்துப் புதுத் தண்டு கடைந்தார். பேரிங் முட்டி நிற்க ஒரு படி. மறுபக்கம் பூட்டு வளையம் உட்கார ஒரு பள்ளம். அலமாரியிலிருந்து புதுப் பேரிங் எடுத்து மாட்டினார்.

"தண்டு முன்னப்பின்ன நகர அரை நூல் ஆட்டம் விட்டிருக்கேன்."

"அதையும் மூடிடுங்க மாமா."

"மூடினா சூட்டுல பிடிச்சுக்கும்மா. திரும்ப நின்னுடும்."

அவள் தண்டை வாங்கிக்கொண்டாள்.

மதியம் இறக்கை சுற்றியது. பெண் கரண்டியை வாய்க்குள் வைத்து, "ஆறிப்போச்சும்மா" என்றாள். அம்மா தூக்கி உள்ளே வைத்தாள், வைத்த இடத்திலேயே இருந்தாள். அன்றிலிருந்து காற்று பலத்தால் அரைச் சாண் சாலைப்பக்கம் போவாள், தணிந்தால் திரும்புவாள். பள்ளியில் அவள் பெஞ்சுக்கு அருகே அவ்வளவு இடம் விட்டார்கள். பின்னாளில் அவள் புருஷனும் படுக்கையில் அவ்வளவு தள்ளியே படுத்தான். அம்மா மட்டும், காற்று கிளம்பியதும் கைவேலையைப் போட்டுவிட்டு, சாலைக்கு முதுகைக் காட்டி வாசலில் வந்து நின்றுகொள்வாள்.