ஏரோப்ளேன் வாலில் இருந்த பேர்

செல்லியம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று குப்பம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. நம்பாதவள் செல்லியம்மாள் ஒருத்திதான்.

பொன்னேரியில் எட்டாவது வரை படித்துவிட்டுப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு மருமகளாக வந்தவள் அவள். வந்த அன்றே அவள் புருஷன் முனிகிருஷ்ணன் பெருமை தாளாமல் நாலு பேரிடம் சொல்லிவிட்டான். அதிலிருந்து, எழுத்து ஒட்டியிருக்கிற எதையும் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். அர்த்தம்தான் பாதி நேரம் வராது. தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பாமல் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். புரியாத வார்த்தை வந்தால், "அது பேரு" என்று சொல்லிவிடுவது. பேருக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

அப்படித்தான் சிமெண்டு மூட்டையில் இருந்த போர்ட்லாண்ட், சிமெண்டு முதலாளி ஆனார். தீப்பெட்டியில் இருந்த சேஃப்டி, தீப்பெட்டிக்காரரின் மூத்த மகள் ஆனாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று குப்பத்துப் பெண்கள் அவ்வப்போது கவலைப்பட்டதுண்டு.

ஒவ்வொரு முறையும் அந்தப் பொய் செல்லியம்மாளின் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கும். ஒரு கவளம் வெறுஞ்சோற்றை விழுங்கி உள்ளே தள்ளிவிடுவாள். ஏழு வருஷத்தில் நிறையச் சோறு விழுங்கியாயிற்று.

அறுபத்தெட்டாம் வருஷம் பங்குனி மாதத்தில், பயிற்சிக்குப் பறக்கிற மஞ்சள் விமானம் ஒன்று இருமிக்கொண்டே வந்து ஏரியில் விழுந்தது. முழங்காலளவுத் தண்ணீர்தான். இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் போயிற்று. ஓட்டி வந்தவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நடந்தே கரையேறி, ஒரு டீ குடித்துவிட்டு, பொன்னேரி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏரியில் வலை போடத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். சண்டை வராமல் இருக்க, இன்னார் இன்ன நாள் என்று முறை வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று சொல்வார்கள். இன்று உன் பாடு என்றால் இன்று அங்கே சிக்குவதெல்லாம் உனக்கு. விமானம் விழுந்த அன்று முனிகிருஷ்ணனின் தம்பி பரசுராமன் பாடு. அன்று விடிகாலையில்தான் அவன் பெண்சாதி குப்பாயிக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது.

"எறா சிக்கினா என்னுது, இது சிக்கினா மட்டும் ஊருதா?" என்று பரசுராமன் நியாயம் கேட்டான்.

ஊர்ப் பெரியவர் செங்கல்வராயன் விமானத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "மொறைன்னா மொறைதான். உனக்கு அதிர்ஷ்டம்டா. ஆனா துன்ன முடியாது."

மூன்றாம் நாள் இரண்டு அதிகாரிகள் வந்து, உடைந்து கிடந்த வாலில் ஒரு இங்கிலீஷ் பலகையை அறைந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் படகு மறைவதற்குள் செல்லியம்மாளை இன்னொரு படகில் ஏற்றிவிட்டார்கள்.

கீழ்வரி அவளுக்குப் புரிந்தது. எடுக்கக் கூடாது. மேலே பெரிய எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை. ரெக்கேஜ். அதிகாரிகள் பத்துத் தடவை தங்களுக்குள் சொல்லிக்கொண்டதும் அதைத்தான். அவள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே கிடந்த ஒவ்வொரு படகிலும் ஒரு பேர் எழுதியிருந்தது.

"அது பேரு" என்றாள். "படகுக்கு வெக்கறது இல்லியா, அந்த மாதிரி இதுக்கு."

இந்தத் தடவை முள் குத்தவில்லை. அவளே நம்பிவிட்டாள்.

வினை பத்தாம் நாள் வந்தது. குப்பாயிக்கு இதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறக்கிற பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பன் என்று பேர் வைப்பது வழக்கம். வேண்டாதது என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போவானாம். பரசுராமன் குப்பன்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். அதே மாதிரி புரட்டி எடுக்கப்பட்ட குப்பாயி ஒப்பவில்லை.

"நான் இந்தப் பேர வெச்சிக்கினு பட்ட பேஜாரு போதும். இஸ்கூல்ல என்னைப் பாத்தாலே தொடப்பத்தைத் தூக்கினு வருவாளுங்க. எம்புள்ளைக்கு ரெக்கேஜுதான். வானத்துலேர்ந்து வந்த பேரு. வுழுந்தும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல பாரு."

செல்லியம்மாளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பேர் வைப்பதற்கு முதல் நாள், கும்மிடிப்பூண்டி சந்தையில் இறால் கூறுகட்டி விற்றுக்கொண்டிருந்தபோது, வாடிக்கையாக வாங்குகிற கிரேஸ் டீச்சரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ரெக்கேஜா? ஒடைஞ்சி நொறுங்கினதுல மிச்சம் கெடக்குமே, அது. கப்பல், ரயில், ஏரோப்ளேன் மோதினா சொல்லுவாங்க."

செல்லியம்மாளின் கை இறாலுக்குள்ளேயே நின்றது. "சட்டி ஒடைஞ்சா?"

"சட்டிக்கெல்லாம் சொல்ல மாட்டாங்க. பெரிசா எதனா ஒடையணும்."

"பத்து துண்டா ஒடைஞ்சா?"

"பத்தானாலும் நூறானாலும் அதே வார்த்தைதான். ஒண்ணு ரெண்டுன்னு எண்ண மாட்டாங்க."

"புள்ளைக்குப் பேரா வெப்பாங்களா டீச்சர்?"

டீச்சர் பையை மடித்துக்கொண்டு அவள் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தாள். "வெயில்ல ரொம்ப நேரம் குந்தாதே, செல்லியம்மா."

ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு கவளத்துக்கு அடங்குகிற முள் இல்லை இது. சொல்லாமல் விட்டால் ஒரு பிள்ளை ஆயுசு முழுக்க உடைசல் என்று கூப்பிடப்படும். சொன்னாலோ, ரெக்கேஜோடு சேர்ந்து போர்ட்லாண்ட் விழுவார், சேஃப்டி விழுவாள், ஏழு வருஷமாகப் பறந்துகொண்டிருந்த செல்லியம்மாளும் விழுவாள். எல்லாம் சேர்த்து ஒரே வார்த்தைதான். எண்ணக்கூட வேண்டாம்.

விடிந்ததும் குப்பாயியிடம் போனாள். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அது பேரு இல்லேடி குப்பாயி."

"எது?"

"ரெக்கேஜு. ஒடைஞ்சி ஒண்ணுத்துக்கும் ஒதவாம கெடக்குமே, அதாம் அர்த்தம். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

குப்பாயி தலை நிமிர்ந்தாள். "குப்பைன்னு சொல்லு."

"கிட்டத்தட்ட."

"ஏரோப்ளேன் குப்பை."

"ஆமா."

குப்பாயி சிரித்த சிரிப்பில் பிள்ளையின் வாயிலிருந்து பால் நழுவி, அது வீல் என்று கத்தியது. "யக்கா! இத்தத்தானே அந்த மனுஷன் இத்தினி நாளா கேட்டுக்கினு கீறாரு! குப்பைன்னு வெச்சா புள்ளே தங்கும்னு. தமிழ்ல வெச்சா ஊரே சிரிக்கும். இங்கிலீஷ்ல வெச்சா எவளுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீ வாயத் தொறந்தா, நான் தீப்பெட்டிக்காரரு பொண்ணு கதையத் தொறப்பேன்."

செல்லியம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். "அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எந்தக் கம்பெனி தீப்பெட்டி வாங்கினாலும் அதே பொண்ணு பேருதான் கீது. ஒரே பொண்ணுக்கு எத்தினி அப்பன், யக்கா?"

இத்தனை நாளும் தெரிந்தே தன்னை விட்டுவைத்திருக்கிறாள். உடம்பு லேசாக இருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

பேர் வைக்க ஊர் கூடியது. குப்பாயி அர்த்தத்தைக் காதில் ஓதியதிலிருந்து பரசுராமன் முகமெல்லாம் பல்லாக நின்றான். செங்கல்வராயன் தொட்டிலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"செல்லி, ரெக்கேஜுன்னா இன்னாம்மா அர்த்தம்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குப்பாயி மடியில் இருந்த தீப்பெட்டியை எடுத்து மெல்ல ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"அது பேரு மாமா" என்றாள் செல்லியம்மாள். ஏழு வருஷத்தில் முதல்முறையாக அது முழு உண்மையாக இருந்தது.

மூன்றாவது முறையாகப் பிள்ளை காதில் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. கயிறும் ஆட்களுமாக அந்த அதிகாரிகள் இறங்கினார்கள். அவர்களில் மூத்தவர் கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"வேர் ஈஸ் தி ரெக்கேஜ்?"

ஊர் மொத்தமும் தொட்டிலைக் காட்டியது.

அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். குப்பாயி பாய்ந்துபோய்ப் பிள்ளையை முந்தானையால் மூடினாள்.

"இப்பத்தான் கண்ணு மூடுச்சி. எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் போர்டு வெச்சீங்க?"

அதிகாரி விழித்தார். அதை அவருக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்லும்படி எல்லோரும் செல்லியம்மாள் பக்கம் திரும்பினார்கள்.