இன்பம் தேறிவிட்டாள்

பெயர் இன்பம். ராஜபாளையத்தில் அவள் குடியிருக்கும் வீட்டில் இன்பம் என்று இருப்பது அவள் ஒருத்திதான். கணவர் ரத்தினம் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ரிச்சர்ட் லண்டனில். பேரனோடு பேச வேண்டும் என்று சொல்லித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். அந்தப் பேரனோ போனில் ஒரு 'ஹாய்' சொல்லிவிட்டுப் பறந்துவிடுவான். அதற்கு எதற்கு வகுப்பு?

வகுப்புக்காகத்தான் வகுப்பு. மாடி ஏறியதும் "வாங்க இன்பக்கா" என்று நகர்ந்து இடம் விடுவார்கள். அவள் சுட்டுக் கொண்டுபோகும் முறுக்குக்கு அடிதடி நடக்கும். தேர்வில் தேறினால் வகுப்பு முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே இன்பம் தேறவில்லை. கூடச் சேர்ந்தவர்கள் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள், இவள் மட்டும் ஆணி அடித்த மாதிரி அதே பெஞ்சில்.

இந்தத் தடவை பாடம் 'டிராப் இன்'. சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப் பார்ப்பது. ஆளைச் சொன்னால் 'டிராப் இன்'னுக்குப் பின்னால் 'ஆன்' போட வேண்டும், இடத்தைச் சொன்னால் 'அட்' என்று பாண்டிசெல்வி டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். இன்பத்துக்கு உடனே பிடிபட்டுவிட்டது. தேர்வன்று பஸ்ஸில் வரும்போதே இரண்டையும் மாற்றிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, போன ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு யாரு டிராப் இன் பண்ணுனா? இங்கிலீஷ்ல சொல்லுங்க."

டீச்சர் இப்படிக் கேட்பாள் என்று யார் கண்டது? சர்ச்சுக்குப் போய்வந்து, யாராவது வந்தால் இருக்கட்டும் என்று கறிக்குழம்பைக் கூட்டியே வைத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பில் தப்பாகச் சொல்ல மறந்துபோனாள்.

"நோபடி, டீச்சர். நோபடி டிராப்ஸ் இன் ஆன் மீ."

யாருமில்லை, என்னை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பிழை கிடையாது.

வகுப்பே கைதட்டியது. "அக்கா, தேறிட்டீக! இனி இம்புட்டுத் தூரம் பஸ்ல அலைய வேண்டாம்" என்று டீச்சர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

இன்பம் காலி முறுக்கு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு படி வரைக்கும் போனாள். மனசு கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுத் திரும்பி நின்று கேட்டாள்.

"டீச்சர், மே ஐ டிராப் இன் டுமாரோ?"

நாளைக்கு நான் எட்டிப் பார்க்கலாமா?

டீச்சர் பூரித்துப்போய் வகுப்பைப் பார்த்தாள். "பாத்தீகளா? கேள்வியாவும் எம்புட்டு அழகாப் போட்டுட்டாக!"

எல்லாரும் மறுபடியும் கைதட்டினார்கள். பதில் யாரும் சொல்லவில்லை.