உதறச் சொன்னவர்கள்

...காபி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் இந்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனிதன் எதிரில் மரியாதையாகச் சிரிக்க வேண்டி வந்திருக்காது, ஆனால் கொடுத்ததைக் குடித்தால்தான் பேச்சு வளரும், முதலாம் ஆண்டு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள், சுபஸ்ரீ ஒரு வாய் குடித்தாள், சர்க்கரை ஜாஸ்தி. எதிரே கண்ணாயிரம். மணலூர்பேட்டைப் பக்கம் பெரிய கரும்புக்காரர், எழுபதைத் தாண்டிவிட்டது, கழுத்துச் சதை தொங்குகிறது, ஒரு கண்ணில் கண்புரை வேறு... வாய் அவர் என்கிறது, மனசு அவன் என்கிறது, இவனுக்காகவா இத்தனை வருஷம், இந்தக் கிழவனுக்காகவா? பரிதாபப்படாதே, பரிதாபப்பட வரவில்லை நீ. போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. “இன்னாம்மா படிக்கிறேன்னு சொன்ன?” என்று மறுபடியும் கேட்டான். எம்.ஏ. சோஷியாலஜிங்க, கள்ளக்குறிச்சியில, கரும்பு விவசாயிக்கும் கூலியாளுக்கும் நடுவுல உறவு எப்டி இருக்குதுன்னு ஆராய்ச்சிங்க என்றாள். “உறவுக்கின்னா, வராங்க, வெட்றாங்க, போறாங்க,” என்றான் கண்ணாயிரம். அவன் பெண்டாட்டி அமிர்தம் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு சுபஸ்ரீயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை... அந்தக் கைதான்.

கல்லூரியில் ஆய்வுத் தலைப்பு கேட்டபோது மற்றவர்கள் சுயஉதவிக்குழு, செல்போன் பழக்கம் என்று எதையோ எழுதிக்கொடுத்தார்கள், சுபஸ்ரீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, யோசித்து முடித்துப் பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது. எம்.ஏ.வே அதற்காகத்தானே, பி.ஏ.வும் அதற்காகத்தான், ஹாஸ்டலில் புளித்த சாம்பாரை விழுங்கியதும் அதற்காகத்தான். பேட்டி கொடுப்பவர் பேருக்குப் பதில் எண்தான் போட வேண்டும் என்று பேராசிரியர் சொன்னபோது முதலில் எரிச்சல் வந்தது, பிறகு அதுவும் இனித்தது, பம்புசெட்டுச் சுவரிலிருந்து கோயில் உண்டியல் வரை பேரை எழுதி வைத்திருக்கிறவன் வெறும் எண்ணாகப் போகிறான், பேரில்லாமல், ஊரில்லாமல், செய்தது மட்டும் அச்சில் நிற்கும். எல்லாம் கேட்டு முடித்துக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்ல வேண்டும், நான் ரங்கம்மா பொண்ணுங்க என்று. அந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பாள், மெதுவாக, சத்தமாக, சிரித்துக்கொண்டே...

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கண்ணாயிரத்தின் பேத்தி கொலுசைக் காணோம், களத்தில் அன்று வேலைக்கு வந்த பொம்பளைகள் பத்துப் பதினைந்து பேர், ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் கேட்டுப் போனது அம்மா மட்டும்தான். அதனால் அம்மாவை நடுக்களத்தில் நிறுத்தினார்கள். கொண்டையை அவுறு என்றாள் அமிர்தம், அம்மா அவிழ்த்தாள், அது போதாமல் அமிர்தமே விரலை விட்டு முடியைக் கோதிப் பார்த்தாள், பிறகு மடிய உதறு, கண்ணாயிரத்தின் குரல், டிராக்டர்காரன் பார்க்க, லோடு ஏற்றுகிறவர்கள் பார்க்க, அம்மா புடவை மடியை அவிழ்த்து உதறினாள், இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் விழுந்தன, யாரோ சிரித்தார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு அத்தை சுபஸ்ரீயின் கையைப் பிடித்துக் கரும்புக்குள் இழுத்துப்போய்விட்டாள், கரும்பின் சோகை இலை முகமெல்லாம் அறுத்தது. அதன் பிறகு அம்மா அவளை வாசல் தாண்ட விடவில்லை, கொஞ்ச நாளில் மணலூர்பேட்டையையே விட்டாள். கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டாள், வெள்ளிமலையில் மரவள்ளிக் காட்டில் கூலி, மகளுக்குக் கீழே ஹாஸ்டல். அவமானம் தாங்காமல் ஓடிப்போன அம்மா, குனிந்த தலை, அவிழ்ந்த முடி, தரையில் வெற்றிலை. இதைத் தவிர வேறு எதை வைத்துக்கொண்டு படித்தாள் அவள்?

இப்போது கேட்கலாம். “வேலைக்கு வர்றவங்கள நீங்க எப்பனா தண்டிச்சிருக்கீங்களாங்க?” இல்லை என்பான், பொய் சொல்வான், பொய்யும் பதிவாகும், பொய்யைப் பக்கத்தில் வைத்து உண்மையை எழுதினால்... கண்ணாயிரம் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “இதக் கேக்கத்தான வந்த?” என்றான். “நீ ரங்கம்மா பொண்ணுதான? படியேறும்போதே தெரிஞ்சிது, மூஞ்சி அப்டியே இருக்குது. அவதான் அனுப்பிச்சாளா? இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு?” சுபஸ்ரீயின் அந்த வாக்கியத்தை, குளிக்கும்போது சொல்லிப் பார்த்த வாக்கியத்தை, அவன் சொல்லிவிட்டான். “அன்னிக்கி சாயங்காலமே கொலுசு கெடச்சிது, கொழந்த படுக்கையில. மறுநா வெட்டுக்கு ஆளு வேணும், ஆலையிலர்ந்து லாரி வந்து நிக்குது. எல்லாப் பொம்பளைங்களையும் இட்டுக்கினு வந்தா உங்கம்மா. வரப்புல நின்னுக்கினு சொன்னா, நான் உதறுன எடத்துல நீ உதறு, அப்பறம் கத்தியத் தொடுறோம்னு. ஒருத்தி எறங்கல.” அமிர்தம் உள்ளே போய்விட்டாள். “உதறுனீங்களா?” கேட்டது தன் குரல்தானா? “உதறுனேன். வேட்டி மடிய அவுத்து, அத்தன பேரு முன்னால. கரும்பு காஞ்சிக்கினு இருந்திச்சி, இன்னா பண்ணச் சொல்ற? மத்தவங்கல்லாம் எறங்கி வெட்னாங்க. அவ மட்டும் கத்தியக் கீழ போட்டுட்டுப் போனா. நானும் சும்மா வுடல, சுத்துப்பட்டுல ஒருத்தனும் அவளுக்கு வேல தரக் கூடாதுன்னேன், தரல. இன்னிக்கும் என் ஆளுங்க மடிய உதறு மடிய உதறுன்னு எனுக்குப் பின்னால சிரிக்கிறானுங்க.” அவன் கன்னம் துடித்தது. “அந்த மெஷின நிறுத்து.”

மணலூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு வரை எப்படி நடந்தாள் என்று தெரியவில்லை. ஓடிப்போகவில்லை அம்மா, துரத்தியிருக்கிறார்கள், துரத்துவதற்கு முன்னால் அவனை... அவன் வேட்டியை... சந்தோஷம்தானே வர வேண்டும், ஏன் வரவில்லை, யாரோ பரீட்சையை அவளுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டுப் போன மாதிரி ஏன் கை வெறுமையாக இருக்கிறது? அம்மாவுக்குப் போன் போட்டாள். மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது, காற்று இரைந்தது. கண்ணாயிரம் வூட்டுக்குப் போனேம்மா, உதறுனானாமே என்றாள். “ஆமா, உதறுனான். அதுக்கின்னா இப்ப?” எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள், கிழங்கு பிடுங்கியதைச் சொல்வது போல. ஏம்மா எங்கிட்ட சொல்லல, இத்தன வருஷமா நான்... அம்மா குறுக்கிட்டாள், “சொல்லியிருந்தா உன் கோவம் ஆறிப்பூட்டிருக்கும் சுபா. நீ கோவத்துலதான படிச்ச. ஆறட்டும்னு எப்டி வுடுவேன்?”

கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்றது, போனைக் காதில் வைத்தபடியே ஏறினாள், ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்படியானால் ராத்திரிகளில் அவள் அழுததை அம்மா அறிந்தேதான் விட்டிருக்கிறாள், லீவுக்கு மலைக்குப் போனபோதெல்லாம் அந்தக் களத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது வலியால் இல்லை, அடுப்பு அணையாமல் விறகைத் தள்ளிவிட்டிருக்கிறாள்... கோபம் போயிருக்கிறதா என்று உள்ளே தேடினாள், போகவில்லை, அப்படியே இருந்தது, ஆனால் கண்ணாயிரத்தை நினைத்தால் அந்தத் துடித்த கன்னம்தான் வருகிறது, கோபம் அவன்மேல் நிற்க மாட்டேன் என்கிறது, வேறு எங்கேயோ, மலைப்பக்கம்... சே, அம்மாவையா, அம்மாவைப் போய்... “பரீட்ச எப்ப முடியிது? மேல இன்னும் படிப்பு இருக்குதாமே, அதையும் படிச்சிரு,” போனில் அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே சுபஸ்ரீ இணைப்பைத் துண்டித்தாள். இதுவரை ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. செய்தது நன்றாக இருந்தது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.