கறைபடாத துணி

முட்டம் வேதக்கோயில் மணி அறிய, கலங்கரை விளக்கு அறியச் சொல்கிறேன்: இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் வலையில் இனி ஒரு சாளைமீன்கூடப் படவேண்டாம்.

என் மகள் டெல்சிக்குப் பிறந்த எபின் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் துணியில் ஒரு கறை இல்லை. டெல்சியின் மாமியார் எலிசா அந்தத் துணியைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். "பாருங்க, பூ மாதிரி இருக்கு. ஒழுக்கமுள்ள குடும்பத்துப் பிள்ளைல்லா" என்றாள். கேட்ட பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள்.

நானோ கரையில் நின்றே கடலடியில் படுத்திருக்கும் திருக்கையை எண்ணிச் சொல்கிறவன். பிள்ளையின் வயிறு கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது.

"ஏட்டி டெல்சி, அவனக் கொஞ்சம் திருப்பிப் போடு."

திருப்பினாள். மலம் போகவேண்டிய இடத்தில் சின்னக் குழி இருந்தது, துவாரம் இல்லை. பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆயிற்று. ஒரே நொடி.

உடனே கார் பிடித்துத் திருவனந்தபுரம் கிளம்பினோம். மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் மாசிக்கொடைத் திருவிழா. இருமுடியோடு பெண்கள் ரோட்டை அடைத்து நின்றார்கள். விஷயத்தைச் சொன்னதும் காரை அப்படியே தூக்கி, தலைக்குமேல் கைமாற்றிக் கைமாற்றிக் குளச்சலில் இறக்கி வைத்தார்கள். டீசல் மிச்சம் என்றான் டிரைவர்.

ஆஸ்பத்திரியில் எபினைக் குப்புறப் போட்டு, இடுப்பை உயர்த்திப் படம் எடுத்தார்கள். குடலில் காற்று எதுவரை இறங்கி நிற்கிறதென்று அதில் தெரியுமாம். டாக்டரம்மா நந்தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல நேரத்தில பாத்தீங்க, அப்பச்சா. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா குடல் உள்ளயே வெடிச்சிருக்கும்."

அதைத் திரும்பத் திரும்ப அவளைச் சொல்லவைத்தேன். எத்தனை முறை கேட்டும் போதவில்லை.

முதலில் வயிற்றில் தற்காலிகமாக ஒரு வழி வைத்தார்கள். சில மாதம் கழித்து, இருக்கவேண்டிய இடத்தில் வழி திறந்தார்கள். அது சுருங்கிவிடாமல் டெல்சி தினமும் சின்னக் கம்பி விட்டு எடுத்தாள். கடைசியில் வயிற்று வழியை மூடினார்கள். அன்று எபின் விட்ட காற்றில் முட்டத்தில் கட்டிக் கிடந்த இரண்டு வள்ளங்கள் கயிறு அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போயின. எலிசா கறைபட்ட துணியைக் கழுவாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அதைக் கோயிலில் காணிக்கை வைக்கக் கேட்டாள்; பங்குச் சாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தினமும் சட்டையை அழுக்காக்கிக்கொண்டு வருகிறான். யாரும் திட்டுவதில்லை.

எபினின் சிலுவை முட்டம் கல்லறைத் தோட்டத்தில் மதிலோரம் நிற்கிறது. அதிலுள்ள இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஒரு வாரம்கூட இல்லை. அந்த நாட்களில் அவனை யாரும் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை, நானும்தான்.