பத்தாவது வெடிமருந்துப் பை

ஜெயலக்ஷ்மி பெட்டியைத் திறந்து சிவப்புத் துணிப் பைகளை மூன்று தடவை எண்ணினாள். ஒன்பதுதான் இருந்தன. போன ஞாயிறு பத்து இருந்தது.

அவள் திருவனந்தபுரத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க், வீடு ஸ்ரீவராகத்தில். ஞாயிறு மட்டும் விதுரா பஸ் பிடித்து வந்து, ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பீரங்கிக்காரியாகிவிடுவாள். திருவிதாங்கூர் டச்சுக்காரர்களை முறியடித்த குளச்சல் போரை நடித்துக் காட்டும் ஒரு சிறு குழு அது. பாறசாலையில் லேத் பட்டறை வைத்திருந்த தங்கையன் பழைய படங்களைப் பார்த்துப் பீரங்கியைச் செய்திருந்தார். கோயில்களுக்கு வெடி தரும் லைசன்ஸ்காரரிடமிருந்து வெடிமருந்து வந்தது. அதற்குப் பொறுப்பு ஜெயலக்ஷ்மி. 2003 நவம்பரில், பெரிய நிகழ்ச்சிக்கு ஒரே வாரம் இருக்கும்போதுதான் இந்தப் பை காணாமல் போனது.

அன்றைய ஒத்திகையை அவள் நிறுத்திவிட்டாள். பீரங்கி தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது.

"போன வாரம் மழை வந்தப்போ சாவியை லிங்கத்துக்கிட்டதான் குடுத்தேன். பெட்டியைப் பூட்டினது அவர்தான்" என்றாள் தங்கையனிடம், தணிந்த குரலில்.

"லிங்கம் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல, கேட்டேளா மேடம்."

"பின்னே பை எங்கே போச்சு?"

"போலீஸ் அறிஞ்சா பிரச்னமாகும்" என்று மட்டும் சொன்னார் தங்கையன்.

லிங்கம் சங்கரன்கோவில் பக்கத்துக் கொத்தனார். மைதானத்துக்குச் சுவர் கட்ட வந்தவன், பீரங்கி வெடிப்பதைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்த பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தான். பீரங்கிக் குழாய்க்குள் பையைத் தள்ளிக் கெட்டிப்படுத்தும் நீளக் கோல் இரண்டு வருஷமாக அவன் கையில்தான். அதற்கு முன்னால் கல்குவாரியில் வெடி வைக்கும் வேலையில் இருந்ததாக ஒருமுறை சொல்லியிருந்தான். அந்தப் பேச்சு இப்போது ஜெயலக்ஷ்மிக்கு ஞாபகம் வந்தது.

புதன்கிழமை விடுமுறை. ஊரிலிருந்து வந்த உறவினர்களைப் பொன்முடிக்குக் கூட்டிப் போனவள், வழியில் கல்லாறு என்ற ஊரில் டீ குடிக்க இறங்கினாள். ஆற்றுப் பக்கமிருந்து லிங்கம் ஏறி வந்தான். நாரில் கோத்த எட்டுப் பத்து மீன்கள் கையில் தொங்கின. தூண்டில் இல்லை, வலையும் இல்லை. அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னக்கா, இந்தப் பக்கம்?"

"சும்மாதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஒரு பை மருந்து போதும். வீடு வரும்வரை உறவினர்கள் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

ஞாயிறன்று மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். நானூறு பேராவது இருப்பார்கள். லிங்கம் சீருடை போட்டுக் கோலை எடுக்கப் போனான்.

"இன்னிக்கு ஷாஜி பண்ணட்டும்" என்றாள் ஜெயலக்ஷ்மி, பக்கத்தில் நின்ற குழுப் பையனைக் காட்டி.

"ஏங்க்கா?"

"ஒரு பை குறையறது. பூட்டினது நீங்கதானே?"

லிங்கம் தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் கயிற்றுக்கு வெளியே போய் நின்றான்.

டச்சுப் படையாக வேஷம் கட்டியவர்கள் மறுகோடியிலிருந்து முன்னேறினார்கள். ஷாஜி பதற்றத்தோடு பையைக் குழாயில் போட்டுக் கோலால் தள்ளினான். கோலை வெளியே எடுப்பதற்குள்ளேயே தங்கையன் கையிலிருந்த திரியைப் பற்றவைத்தார்.

"நிறுத்துங்க! தீ வைக்காதீங்க!"

லிங்கம் கயிற்றைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தான். அவமானத்தில் தகராறு செய்ய வருகிறான் என்றுதான் ஜெயலக்ஷ்மி நினைத்தாள். "அவரைப் பிடிங்கோ!" என்று கத்தினாள். ஆனால் தங்கையன் திரியை மண்ணில் அழுத்தி அணைத்துவிட்டார்.

"கோலப் பாருங்க" என்றான் லிங்கம், மூச்சு வாங்க. "ஒரு பை உள்ள போனா இந்த வெள்ளக்கோடு குழாய் வாய்க்கு நேரா நிக்கணும். ஒரு சாண் வெளிய நிக்கு. உள்ள இன்னொண்ணு கெடக்கு."

குழாயில் தண்ணீர் ஊற்றி, திருகுக் கம்பியால் தங்கையன் இழுத்தார். ஒரு பை வந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது, அடியில் நசுங்கி.

"ரெண்டு பைய இந்தக் குழாய் தாங்காது" என்றார் தங்கையன். ஷாஜி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜெயலக்ஷ்மிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு ஒரு பத்திரிகைக்காரர் படமெடுக்க வந்தார். அவருக்காக ஒத்திகைக்கான மரத்தூள் பையைக் குழாய்க்குள் தள்ளியது அவள்தான். திடீரென்று மழை. லிங்கத்திடம் சாவியைக் கொடுத்தது அப்போதுதான். மரத்தூள்தானே, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓடிவிட்டாள். இரண்டும் ஒரே சிவப்புத் துணி. கை மாறி வெடிமருந்துப் பையை எடுத்திருக்கிறாள்.

"நான்தான் போட்டேன்" என்றாள், குழுவில் எல்லோருக்கும் கேட்கும்படி. "லிங்கம் மேல தப்பே இல்லை."

அன்று பீரங்கி வெடிக்கவில்லை. கோலை லிங்கத்திடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

மறுவாரம் அவன் வேலை செய்யும் கட்டடத்தைத் தேடிப் போனாள். சாரத்திலிருந்து இறங்கி வந்தான்.

"என்னை மன்னிச்சிடுங்கோ. கல்லாத்துல மீனைப் பாத்ததும் தப்பா நினைச்சுட்டேன்."

"அது கரையில ஒருத்தர் வித்தாரு, வாங்கினேன். கேட்டிருந்தா அங்கயே சொல்லிருப்பேன்."

"கேட்டிருக்கணும்."

அவன் கையிலிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே நின்றான். மேஸ்திரி கூப்பிட்டதும் மேலே ஏறிவிட்டான்.

பொங்கல் கழிந்து தங்கையன் இரண்டு தடவை நேரில் போய்ப் பேசிய பிறகுதான் லிங்கம் மைதானத்துக்குத் திரும்பினான். வேலையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. அவளோடு மட்டும் அளந்துதான் பேசினான். பழையபடி அவன் வாயிலிருந்து 'அக்கா' வர மழைக்காலம் ஆகிவிட்டது.