வட்டம் போட்ட பதினோரு பேர்

எமில் சண்ட்குவிஸ்ட் தன் ஆட்டக்காரர்களை மைதானத்தில் வட்டமாக நிறுத்திப் பேசுவதைப் பற்றி மாவட்டப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. பெரிய பல்கலைக்கழகங்களில் இப்போதுதான் தலைகாட்டும் புதுமை, நெப்ராஸ்காவின் மூலையில் எண்பத்தாறு பேர் படிக்கும் சீடர் ஃபோர்க் கல்லூரிக்கு வந்துவிட்டது என்று பாராட்டியிருந்தார்கள். பயிற்சியாளர் பிரென்டிஸ் அதை வெட்டி, தான் வேதியியல் நடத்தும் அறையின் கதவில் ஒட்டினார். எமில் அந்தக் கதவை நிமிர்ந்து பார்க்காமலே வகுப்புக்குப் போய்வந்தான்.

புதுமையும் இல்லை, மண்ணும் இல்லை. எல்லாம் அணியில் பந்தை எடுத்து ஓடும் ஹெர்மன் கிரெப்ஸுக்காகப் போட்ட திரை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலு அக்டோபர் வரைக்கும் எல்லாரையும்போல அவர்களும் எண்களை வைத்துத்தான் ஆடினார்கள். பேர்தான் கால்பந்து. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறுவதுதான் ஆட்டம். அணித்தலைவன் எமில் வரிசைக்குப் பின்னால் நின்று நாலு எண்களைக் கத்துவான். இரண்டாவது எண் பந்தை எடுக்கிறவன், மூன்றாவது எண் ஓட வேண்டிய இடம். மற்ற இரண்டும் எதிரியைக் குழப்ப. இப்படி முப்பத்துநாலு ஓட்ட முறைகளை ஒவ்வொருவனும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

அக்டோபர் இரண்டாவது வாரம் ஓர் ஆட்டத்தில் எதிராளியின் முழங்கால் ஹெர்மனின் தோல் தொப்பிக்கு மேல் விழுந்தது. எழுந்தான். ஆடினான். அடுத்த வாரம் பயிற்சியில் எமில் எண்களைக் கத்தியபோது அசையாமல் நின்றான்.

"என்னடா, பிரார்த்தனையா?" என்றான் நடுவில் ஆடும் லார்ஸ் ஓக்ரன்.

ஹெர்மன் சிரித்தான். அன்று மாலை எமிலை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

"நம்பர் எதுவும் நிக்க மாட்டேங்குதுடா. காதுல விழுது, உள்ள போறதுக்குள்ள கரைஞ்சுடுது."

"சார்கிட்ட சொல்லிடலாம்."

"சொன்னா பெஞ்சுல உக்கார வெச்சுடுவார். நீ சொன்னேன்னு தெரிஞ்சா உன் பல்லை எண்ணி உன் கையிலயே குடுப்பேன்."

எமில் சொல்லவில்லை. பல்லுக்குப் பயந்து அல்ல. ஹெர்மன் இல்லாமல் அந்த அணி வெறும் பத்து விவசாயப் பிள்ளைகள். போன வருடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இந்த வருடம் மூன்று ஜெயித்தாகிவிட்டது. ஆகவே வட்டம் போட்டான். ஒவ்வொரு தடவை பந்தை எடுப்பதற்கு முன்பும் எல்லாரையும் தலை குனிந்து கூடச் சொல்லி, எண் எதுவுமில்லாமல் பேசினான். "ஹெர்மன், நீ எடு. ஓக்ரன் முதுகைப் பார்த்து ஓடு." ஹெர்மனின் கால்களுக்கு ஒன்றும் மறக்கவில்லை. இன்னும் இரண்டு ஆட்டங்கள் ஜெயித்தார்கள்.

கடைசி ஆட்டம் நவம்பர் கடைசியில், ஊரே விருந்து சாப்பிடும் நன்றி நாளன்று, மார்லோ கல்லூரியின் மைதானத்தில். மார்லோவைச் சீடர் ஃபோர்க் தோற்கடித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பதிமூன்று பேர் கொண்ட அணியில் ஒருவனுக்குக் காறை எலும்பு உடைந்திருந்தது, இன்னொருவன் கணுக்கால் வீங்கிக் கட்டைபோல நின்றான். ஆட மிச்சம் பதினோரு பேர்.

முதல் பாதியில் ஹெர்மன் மூன்று பேரை முதுகில் சுமந்தபடி கோட்டைத் தாண்டினான். அதற்கு ஆறு புள்ளி, அதன்பின் கூடுதல் ஒரு புள்ளிக்கு உதைத்த உதை குறி தவறியது. ஆறுக்குப் பூஜ்யம். இடைவேளையில் பிரென்டிஸ் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கிரெப்ஸ், ஸ்கோர் என்ன?"

ஹெர்மன் யோசித்தான். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற எமில் ஆறு விரலைக் காட்டினான், பிறகு கையை மடக்கினான்.

"ஆறு, பூஜ்யம் சார்."

"நல்லது," என்றார் பிரென்டிஸ்.

இரண்டாம் பாதியின் நடுவில் ஹெர்மன் ஒருவனோடு நெற்றிக்கு நெற்றி மோதி விழுந்தான். எழுந்து, தூசி தட்டி, நேராக மார்லோ வரிசைக்குப் போய் அவர்களோடு நின்றுகொண்டான். கூட்டம் ஓவென்று சிரித்தது. ஓக்ரன் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்தான்.

"மாப்பிள்ளை, பொண்ணு வீடு இந்தப் பக்கம்!"

வட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் ஓய்ந்த பிறகு ஹெர்மன் தனியாகச் சிரித்தான். எமில் அவன் முகத்தைப் பார்த்தான். ஒரு கண்மணி சின்னதாக இருந்தது, இன்னொன்று கண் முழுக்கக் கறுப்பாக.

"அப்பாகிட்ட சொல்லிடு," என்றான் ஹெர்மன் அவனிடம். "குதிரையை நானே அவுத்துக் கட்டிடறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

கோட்டுக்கு வெளியே பிரென்டிஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் பின்னிக்கொண்டு நின்றார். பயிற்சியாளர் வாய் திறந்தாலும் கையசைத்தாலும் அணியைப் பதினைந்து கஜம் பின்னால் தள்ளும் அபராதம். உள்ளே நடப்பதற்கெல்லாம் அணித்தலைவன்தான் பொறுப்பு. இரண்டாம் பாதியில் வெளியே போனவன் திரும்பி வரவும் முடியாது.

எமில் நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினான். "கிரெப்ஸ் வெளிய போறான்."

"யாருடா உள்ள வர்றது?" என்றான் ஓக்ரன். "உங்க தாத்தாவா?"

"யாருமில்ல. பத்து பேரு ஆடுவோம்."

"பதினோரு வருஷம்டா எமில்."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

ஹெர்மன் போக மறுத்தான். எமிலின் மார்பில் இரண்டு கையாலும் குத்தினான். கெட்ட வார்த்தையில் அவனையும் அவன் அம்மாவையும் திட்டினான். நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் அவனைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோனார்கள். பத்துப் பேரோடு பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். பதிமூன்றாவது நிமிடம் மார்லோ கோட்டைத் தாண்டியது, உதையையும் சரியாக உதைத்தது. ஆறுக்கு ஏழு.

உடை மாற்றும் அறையில் யாரும் எமிலோடு பேசவில்லை. பிரென்டிஸ் மட்டும் வந்தார்.

"எத்தனை நாளா?"

"அக்டோபர்லேர்ந்து சார்."

"நான் ஸ்கோர் கேட்டப்போ?"

"நான் பின்னாடி நின்னு விரலைக் காட்டினேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா அவனை உக்கார வெச்சிருப்பீங்க."

"ஆமா."

"அதனாலதான் சார்."

பிரென்டிஸ் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

மார்லோவில் அன்று கிடைத்த ஒரே மருத்துவர் விருந்துச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தவர். ஹெர்மனின் கண்ணில் தீக்குச்சி வெளிச்சம் காட்டினார். இங்கே ஆஸ்பத்திரி இல்லை, உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். "ரயில்ல பேச்சுக் குடுத்துக்கிட்டே போங்க. பேச்சு நின்னுட்டா அடுத்த ஸ்டேஷன்லயே இறக்கிடுங்க."

எமில் ஹெர்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்கள் பெட்டியின் மறுகோடிக்குப் போய்விட்டார்கள்.

"ஸ்கோர் என்ன?" என்றான் ஹெர்மன்.

"ஆறு, ஏழு. தோத்துட்டோம்."

"நான் எங்க இருந்தேன்?"

"வெளிய."

"யாரு என்னை வெளிய அனுப்பினது?"

"நான்."

ஹெர்மன் அவனைத் திட்டினான். மைதானத்தில் திட்டிய அதே வார்த்தைகள். பத்து நிமிடம் கழித்து, "ஸ்கோர் என்ன?" என்றான்.

எமில் முதலிலிருந்து சொன்னான். பொய் சொல்வது சுலபம், ஜெயித்தோம் என்றால் அவன் நிம்மதியாகச் சாய்ந்துவிடுவான். சாயக்கூடாது. திட்டுகிறவரைக்கும் விழித்திருப்பான். நான்கு தடவை கேட்டான், நான்கு தடவையும் புதிதாகக் கோபப்பட்டான். ஐந்தாவது தடவை எமிலின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினான். நல்ல பலம் இருந்தது.

பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான்.

அடுத்த ஸ்டேஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹெர்மன் கண்ணை மூடியிருந்தான். எமில் காத்திருந்தான். பிறகு அவன் தோளைப் பிடித்தான்.

"ஹெர்மன். கேளுடா. ஸ்கோர் கேளு."

ஹெர்மனின் தலை ரயிலின் அசைவோடு ஆடியது.

"டேய்! கேளுடா!" குரல் உடைந்து உயர்ந்தது. மறுகோடியில் பிரென்டிஸ் எழுந்து நின்றார்.

ஹெர்மன் கண்ணைத் திறந்தான்.

"என்னத்தைக் கேக்கறது? ஆறு, ஏழு. என்னை வெளிய தள்ளினது நீ. ஞாபகம் இருக்கு." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான். "என் பக்கத்துல உக்காராத."

எமில் எழுந்தான். எதிர் இருக்கையில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்து ஹெர்மனின் முகம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. சீடர் ஃபோர்க் வரும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.